மேனேஜரைத் துரத்திய என் கால்பந்துச் சொற்பொழிவு

“ரைட்டர் வேலைன்னா பழம் பறிக்கற மாதிரின்னு நெனச்சுட்டியா கண்ணு? பேச்சு வேணும், நெதானம் வேணும். உனக்கெல்லாம் ஆவாது” என்றார் எங்கள் காபி எஸ்டேட்டின் பழைய ரைட்டர், ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு.

எந்தச் சரிவில் யாருக்கு வேலை என்று ஆபீசில் உட்கார்ந்து எழுதுபவர்தான் ரைட்டர். அந்த நாற்காலியில் லைன் வீட்டுப் பெண், அதாவது எங்கள் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஒருத்தி, உட்கார்ந்ததே இல்லை. நானோ பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள். எனக்கா பேச்சு வராது? அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்தை லாரியில் ஏற்றியிருந்தால், அடிவாரம் வரை பிரேக் பிடித்திருக்காது.

பேசிக் காட்ட வழி கிடைத்தது. நாகலூர் மைதானத்தில் கால்பந்து இறுதிப் போட்டி. பரிசு கொடுக்க வருபவர் எங்கள் எஸ்டேட் மேனேஜர். ரைட்டர் வேலையைக் கொடுக்க வேண்டியவரும் அவரே. எங்கள் லைன் அணியினர் தென் அமெரிக்கப் பயிற்சியாளர் ஒருவரின் பரம பக்தர்கள்; அவருக்கு ஃப்ளெக்ஸ்கூட வைத்திருந்தார்கள். அவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச ஆள் தேடினார்கள். கையைத் தூக்கினேன். (கால்பந்தைக் கையால் தொடக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும்.)

போனில் அவர் வரலாற்றை ஆங்கிலத்தில் படித்து இரண்டே நாளில் நிபுணராகிவிட்டேன். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. மைக்கில் நான் உச்சரித்ததே அவருக்குப் போதும். ஆங்கிலத்தில் கால்பந்துப் பயிற்சியாளரை ‘மேனேஜர்’ என்று எழுதுகிறார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ‘பயிற்சியாளர்’ என்றால் இங்கிலீஷ் படித்தவள் என்று எப்படித் தெரியும்? எங்கள் மலையில் மேனேஜர் என்றால் ஒரே ஒருவர்தான் என்பது இந்தப் பட்டதாரி மூளைக்கு எட்டவில்லை.

“அவர் பெரிய தடுப்பாட்டக்காரர். முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டு மேனேஜர் ஆனார்” என்று தொடங்கினேன். கூட்டம் கடலை தின்றுகொண்டிருந்தது.

“முதல் கிளப்பில் மேனேஜர் ஒன்றுமே சாதிக்கவில்லை. துரத்திவிட்டார்கள்!”

கடலை நின்றது. பின்னாலிருந்து ஒரு விசில்.

“இரண்டாவது கிளப்பில் மேனேஜர் யார் பேச்சையும் கேட்கவில்லை. அங்கேயும் துரத்திவிட்டார்கள்!”

“அப்பிடிப் போடு சாமி!” என்று என் பெரியம்மா எழுந்தே நின்றுவிட்டார். “நொம்பச் சரியாச் சொல்ற!”

என் புலமைக்குத்தான் இந்தக் கைதட்டல் என்று நம்பினேன். மேடையிலிருந்த மேனேஜரின் முகம் காபிப் பழமாகச் சிவந்தது. வெயில் என்று நினைத்தேன். முன்வரிசையில் அம்மா ‘உட்காரு’ என்று கையை ஆட்டினார்; ‘சத்தமாகப் பேசு’ என்று எடுத்துக்கொண்டேன்.

தாளை மடித்துவிட்டுச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தேன். (படித்தவர்களுக்கே வரும் வியாதி.) “அந்த ஊர் ஜனங்களுக்கு ரோஷம் உண்டு. மேனேஜர் சரியில்லையென்றால் முகத்துக்கு நேராக ‘மாற்று’ என்று கத்துவார்கள். நாம்தான் கைகட்டி நிற்கிறோம்!”

“மாத்து! மாத்து! மேனேஜர மாத்து!” மைதானமே அதிர்ந்தது.

மூன்றாவது கிளப்பில் அவர் கோப்பை வென்றதையும், பிறகு சொந்த நாட்டு அணிக்கே மேனேஜரானதையும் சொல்ல எனக்கு வாய்ப்பில்லை. எங்கள் மேனேஜர் பரிசுக் கோப்பையை யார் கையிலோ திணித்துவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

பழைய ரைட்டர் மெல்ல என்னருகே வந்தார். “ஏனுங்க அம்மிணி, பேச்சு நல்லாத்தான் வருதுங்க” என்றார். அந்த மரியாதைக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

வேலை சேலத்துக்காரர் ஒருவருக்குப் போனது. காபிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாதவர். ஆனால், மேடையில் வாயைத் திறந்ததில்லை. அது பெரிய தகுதி.

எங்கள் வீட்டில் இன்றும் குழம்பில் உப்புக் கூடினால் அப்பா, “மேனேஜர மாத்தோணும்” என்பார். “மாத்துங்க, நாளையிலிருந்து நீங்களே ஆக்குங்க” என்பார் அம்மா. பிறகு இருவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். வேறொரு எஸ்டேட்டில் உதவி மேனேஜர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நேற்று ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் இறங்கி, விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன். ‘முன் அனுபவம்’ என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். ஒரு மேனேஜரைப் பத்தே நிமிடத்தில் ஜீப் ஏற்றியவள் என்று எழுதினால், நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட யோசிப்பார்கள்.