கப்பல் வந்த நாளில் கல்லான திருடன்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் திருடனாக இருந்திருக்கிறேன். அதுவும் முந்நூறு பேர் முன்னால், ஜிகினா ஒட்டிய ஜிப்பாவில். (ஜிப்பாவும் இரவல்.)

அறுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேரில் நான் சின்ன குமாஸ்தா. பொங்கலுக்குத் தமிழர்கள் சேர்ந்து ராஜா காலத்து மாயக்கதை ஒன்றை நாடகமாகப் போட்டோம். நான் இளம் திருடன். மந்திரவாதி, காண்ட்ராக்டர் அண்ணாச்சி. அவர் மகள் கமலாவைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. கமலாவுக்கும் சம்மதம். அண்ணாச்சியிடம் சொல்லத்தான் இருவருக்கும் தைரியமில்லை.

கதைப்படி, நான் புதையல் பானையில் கைவிட்டதும் மந்திரவாதி கோலால் தொட்டு என்னைக் கல்லாக்குவார். மறுபடி தொட்டால்தான் உயிர் வரும். ஒத்திகையில் நான் கல்லாக நின்றபடியே மூக்கைச் சொறிந்துவிட்டேன்.

"ஒரு நிமிசம் சும்மா நிக்கத் தெரியல. இவன்லாம் எங்க உருப்பட!" என்றார் அண்ணாச்சி, கமலாவின் காதுபடவே. இனி எறும்பு கடித்தாலும் அசைவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

நாடகத்தன்று மாலை அண்ணாச்சி தொட்டார். பானைக்குள் கை, மூடிய கண், கல்லானேன். அந்த நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது. மெயின்லேண்ட் கப்பல், பத்து நாள் தாமதம்! ஊரில் வெங்காயம் கிடையாது, கடிதம் கிடையாது.

"ஜஹாஜ் ஆ கயா!" கப்பல் வந்துவிட்டதென்று யாரோ இந்தியில் கத்த, கூட்டம் மொத்தமும் ஜெட்டிக்கு ஓடியது. ராஜா ஓடினார், கமலா ஓடினாள், மந்திரவாதியும் கோலோடு ஓடிவிட்டாராம். நான் கண்ணைத் திறக்கவில்லையே! திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சி என்னைச் சோதிக்கிறார் என்றே நினைத்தேன். கால் மரத்தது. மூக்கு அரித்தது. ஓர் ஆடு மேடையேறி ஜிப்பாவைத் தின்றது.

ஒரு மணி நேரம் கழித்து வெங்காய மூட்டையோடு அண்ணாச்சி திரும்பி வந்தார். பின்னால் கமலா.

"ஏலே, இன்னுமா நிக்க?"

"நீங்க இன்னும் தொடலையே, மாமா."

அதுவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டவன், பயத்தில் உளறிவிட்டேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் வெங்காயத்தைப் பார்த்தாள். ஒட்டுத்தாடி கழன்று விழும்வரை சிரித்தார் அந்த நல்ல மனிதர்.

"சொன்ன எடத்துல நிப்பாம்லா, அது போதும்" என்று கோலால் என் தோளைத் தொட்டார்.

இன்றைக்கும் நான் நாற்காலியை விட்டு எழாவிட்டால், கமலா கரண்டியோடு வந்து தோளைத் தொடுகிறாள்.

"உயிர் வந்தாச்சு. எந்திரிங்க, வெங்காயம் தீந்துபோச்சு."