ஓய்வெடுக்கப் போய்ச் செத்துப்போன கதை

டொக்டர் சொன்னதைக் கேட்காமல் கெட்டவர்கள் பலர். ஒரு சொல் விடாமல் கேட்டுக் கெட்டவள் நான்.

எனக்குப் பைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க நோகும். காலையில் எழும்பும்போதே, இரவெல்லாம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவள் போலிருப்பேன். ஆனால் பரிசோதனைகள் எல்லாம் சுத்தமாக வரும். (நல்ல ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதவள் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.) கடைசியில் நோய்க்குப் பெயர் சொன்ன டொக்டர், "களைச்ச பிறகு படுக்காதேங்கோ, களைக்க முதலே கொஞ்சம் படுங்கோ" என்றார். தினமும் மெதுவாக நடக்கவும், நேரத்துக்கு நித்திரை கொள்ளவும் சொன்னார். உடம்பைத் தளர்த்தும் பயிற்சி ஒன்றையும் போனில் ஏற்றித் தந்தார்.

எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில், மாடியிலிருந்த ஓர் அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. நோயைச் சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமுக்குள் நழுவி, பழைய பேனர் ஒன்றை விரித்து நீட்டி நிமிர்ந்து படுத்தேன். காதில் இயர்போன். வெளிச்சம் படாமலிருக்க முகத்தில் வெள்ளை லேஞ்சி, அதாவது கைக்குட்டை. (அந்தக் கோலம் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கும் மூளை அன்று வேலைக்கு வரவில்லை.)

"கால்கள் கனக்கின்றன... அசையாதீர்கள்..." என்றது இயர்போன். நான் அசையவில்லை.

பேப்பர் கட்டு எடுக்க வந்தவர் கிண்ணியாவிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வரும் பரீதா. அவர் போட்ட சத்தம் கீழே தேத்தண்ணிக் கடைவரை கேட்டதாம். எனக்கு மட்டும் கேட்கவில்லை. யாரோ லேஞ்சியை இழுத்தபோது கண்ணைத் திறந்தேன். மேலே அலுவலகமே குனிந்து நின்றது.

"யா அல்லாஹ், கண்ண முழிச்சிட்டா!" என்று அழுதார் பரீதா.

மானேஜர் பக்கத்தில் குந்தியிருந்தார். "தங்கச்சி, எழும்பலாமோ?"

சீமெந்துத் தரையில் படுத்த உடம்பு மரக்கட்டையாகியிருந்தது. உண்மையைச் சொன்னேன். "ஏலாது சேர்."

அவ்வளவுதான். என்னைக் கதிரையில் இருத்தி நான்கு பேர் தூக்கினார்கள். "எனக்கு ஒண்டுமில்லை" என்று நான் கத்த, "கதைக்காதீங்க, மூச்சு வாங்கும்" என்று பரீதா அடக்க, படியிறங்கி ஓட்டோவடிக்கு வந்துவிட்டோம். அதற்குள் என் கணவரும் வந்து சேர்ந்தார். 'உடனே வாங்கோ' என்று மட்டும் போனில் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அதற்குள்ளேயே அழுதுகொண்டிருந்தார்.

"என்னப்பா நடந்தது உமக்கு?"

"படுத்திருந்தனான்."

தெருவில், கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஏன் முதலே சொல்லேல்லை?" என்றார் மானேஜர்.

"ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு சேர். ஆர் நம்புவினம்?"

பரீதா கண்ணைத் துடைத்தார். "ரிப்போர்ட்டுக்கா நோகுது? உங்களுக்குத்தானே நோகுது!"

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த மருந்து அந்த ஒரு வரி. அன்று நான் அழுதது நோவுக்காக அல்ல.

அடுத்த கிழமை பரீதா வீட்டிலிருந்து ஒரு மெல்லிய மெத்தை வந்தது. மானேஜர் ஸ்டோர் ரூமில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். சில மாதங்களில் வேலையும் நிரந்தரமானது. ஒரேயொரு நிபந்தனை: யாராவது கதவைத் திறந்து "இருக்கிறீங்களோ?" என்று கேட்டால், நான் பெருவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் எங்கே சரிந்தாலும், குசினி அடுப்படியிலிருந்து கணவர் குரல் கொடுப்பார்: "இருக்கிறீரோ?" போன மாதம் ஒரு பின்னேரம், அபூர்வமாக, அடித்துப்போட்டதுபோல் நித்திரை. அவர் கேட்டிருக்கிறார். நித்திரையிலேயே என் பெருவிரல் எழும்பியதாம். அதைப் படமெடுத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

பரீதாவின் பதில் உடனே வந்தது: "அல்ஹம்துலில்லாஹ். எழுப்பாதீங்க."