அய்யாவின் கால் அளவு

“அப்பா, தாத்தாவுக்குக் காலே கிடையாதா?”

சுவரிலிருந்த படத்தைப் பார்த்துப் பூமாரி இப்படிக் கேட்ட அன்றுதான் பிரம்மநாயகத்துக்கு அந்த யோசனை தோன்றியது. இடுப்போடு நின்றுபோன படம் அது. ஏர்வாடிப் பக்கத்து ஊரில் தகப்பனாரோடு சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்கு ரயிலேறியபோது, அந்தப் படத்தை மட்டும் எடுத்து வந்திருந்தான். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆயிற்று. அய்யாவிடமிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை. மன்னிப்புக் கேட்க இவனுக்கும் நாக்கு எழவில்லை.

கையால் ஒரு ஜோடிச் செருப்பு தைத்து அனுப்பினால்? அய்யா அதைக் காலில் போட்டுக்கொண்டால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம்.

கழிவுத் தோலை முதலாளி சும்மாவே கொடுத்தார். அளவுக்கு எங்கே போவது? அய்யாவைப் போலவே வளர்த்தியான ஆள் அடுத்த வீட்டு ஆறுமுகநயினார். இரவெல்லாம் மில்லில் காவல் காத்துவிட்டுப் பகலில் வாசலோரம் கால் நீட்டித் தூங்குவார். பிரம்மநாயகம் அவர் பாதத்தில் பழைய தினசரித் தாளை ஒட்டிவைத்துப் பென்சிலால் வளைத்தான். விரல்கள் வரை நன்றாகத்தான் போயிற்று. உள்வளைவுக்கு வந்ததும் அவர் கூச்சத்தில் துள்ளி எழுந்தார்.

“ஏல, என்னல பண்ணுத?”

அய்யாவோடு பேச்சில்லை என்று சொல்ல வெட்கம். வாயில் வந்ததைச் சொன்னான். “ஒங்களுக்கு ஒரு செருப்பு தைக்கலாம்னு அண்ணாச்சி...”

அவர் கண் கலங்கிவிட்டது. “நான் பெத்த புள்ளைக்கே தோணலியேடே!”

முதல் ஜோடி அவருக்குப் போயிற்று. மறுநாளே எதிர்வீட்டுத் தளவாய் வந்து நின்றான்.

“அண்ணாச்சிக்கு இருக்கது மட்டும்தான் காலா? எங்களுக்கு என்ன, குளம்பா?”

மறுக்க மனம் வரவில்லை. அவனுக்கும் தைத்தான். பிறகு குழாயடியில் தண்ணீருக்கு நின்றவர்களெல்லாம் குடத்தை விட்டுவிட்டுக் காலை நீட்டினார்கள். கடைசியில் மிஞ்சிய தோலில் அய்யாவுக்கு ஒரு செருப்பு கறுப்பு, ஒன்று பழுப்பு.

மனைவி பேராச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏங்க, மாமாவுக்கு ஒரு காலு ஊர்லயும் ஒரு காலு பம்பாய்லயுமா?”

“சிரிக்காதட்டீ. நாளைக்கு மீரான் பாய் ஊருக்குப் போறாரு. அய்யாவுக்கு இதத்தான் குடுத்துவிடணும்.”

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமலா இருக்கும்?

விடியலில் கதவைத் திறந்தால் வாசலில் துணி சுற்றிய பொட்டலம். ஆறுமுகநயினாருக்குத் தைத்த ஜோடி; மண்கூடப் படவில்லை. அவர் வைத்துவிட்டுப் போனதை யாரும் பார்க்கவில்லை. கடவுள் பார்த்திருப்பார்.

பிரம்மநாயகம் ஓட்டமும் நடையுமாகத் தாதர் ஸ்டேஷனுக்குப் போனான். பக்கத்து ஊர்க்காரரான நாகூர் மீரான் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், செருப்பைத் திரும்ப அவன் கையிலேயே வைத்தார்.

“ஏன் பாய், அளவு சரியில்லியா?”

“அளவுல ஒண்ணுமில்ல வே. சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு, ஆனா இதப் பாத்த பெறவு வாய மூட முடியல. மவன் வந்து வாசல்ல நிக்காம கால்ல செருப்பே போடமாட்டேன்னு, நீரு ஓடிவந்த அன்னைக்கே திருச்செந்தூர் முருகனுக்கு நேந்துக்கிட்டாரு உம்ம அய்யா.”