மச்சான் ஏறாத பிக்கப்

மண்ணாடிப்பட்டு,
ஆனி மாதக் கடைசி, புதன்கிழமை மாலை, 1979.

வில்லியனூரில் உரக்கடை நடத்தி நாலு ஊர் விவசாயிகளுக்கு நல்லது செய்துவருபவரும், என் மனைவி நாகம்மாளின் கூடப்பிறந்த அண்ணனும், என் மகன் இளங்கோவனுக்கு ஒரே தாய்மாமனுமாகிய மச்சான் சேதுராமன் அவர்களுக்கு, குருவிநத்தம் தெய்வநாயகம் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், இன்று காலை ஓடியதில் கால்வலி எதுவும் வந்திருக்காது என்றும் நம்புகிறேன்.

நீங்கள் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிக்கப் வண்டியை உங்கள் கடை டிரைவர் பக்கிரியிடம் கொடுத்து நேற்று எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள். "நாளைக்கு எளங்கோவன் பரிசத்துக்கு இதுலயே ஆளையும் சீரையும் ஏத்திகினு வாங்க. வழியில என்னையும் ஏத்திக்குங்க. ஆளுக்கு ஆகுதா, மூட்டைக்கு ஆகுதான்னு பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அவனிடம் சொல்லியும் விட்டிருந்தீர்கள். நான் ஒரு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். இன்று காலை நடந்ததை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள்.

வண்டி பெரிசு மச்சான். மாட்டு வண்டியில் இரண்டு நடை அடிக்கிற நெல்லை இது ஒரே நடையில் கொண்டுபோய்விடும். முன்னால் டிரைவரைத் தவிர இரண்டு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். பின்னால் எத்தனை பேர் என்று நான் சொல்ல மாட்டேன், ஏறுகிறவர்களின் உடம்பைப் பொறுத்தது. இதைச் செய்தவன் முன்னால் ஆள், பின்னால் மூட்டை என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவனுக்கு நம் வீட்டு மரியாதை தெரியாது. முன்சீட்டு தாய்மாமனுக்கு என்று நாகம்மாள் விடியற்காலையிலேயே ஜமக்காளம் மடித்துப் போட்டுவிட்டாள். அதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. பக்கத்திலே இன்னோர் ஆளுக்கு இடம் இருக்கிறதே, பாவம் முட்டிவலிக்காரி என்று என் அக்கா தையலம்மாளைக் கூப்பிட்டேன். "சேதுராமன் ஒக்கார்ற எடத்துல சரிக்குச் சரியா நான் ஒக்காந்துகினு போனா ஊரு இன்னா பேசும்?" என்று பின்னால் ஏறிவிட்டாள். ஏறிவிட்டாள் என்று எழுதுவது சுலபம், ஏற்றினவர்களைக் கேட்டால் தெரியும். அவளே பின்னால் போன பிறகு அவளுக்கு இளையவர்கள் யார் முன்னால் உட்காருவார்கள்? இளங்கோவனைச் சொன்னால், "பெரியவங்கல்லாம் பின்னால நிக்கறப்ப நான் எப்பிடிப்பா?" என்கிறான். உங்கள் தங்கை வளர்ப்பு, குறை சொல்ல முடியாது. இப்படி ஒவ்வொருவராகப் பின்னால் ஏறியதில் அங்கே கால் வைக்க இடமில்லை. தேங்காய், பழம், பட்டுப்புடவை, மஞ்சள் குங்குமம் இருக்கிற சீர்த்தட்டுகளைக் காலடியில் வைக்கலாமா? அதனால் தட்டுகளும் வாழைத்தாரும் பரங்கிக்காயும் முன்னால் மெத்தை வைத்த இடத்துக்குப் போயின. மனிதர்கள் எல்லோரும் பின்னால் இரும்புத் தகட்டில். உங்கள் இடம் மட்டும் ஜமக்காளத்தோடு காலி. மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஆளும், ஆள் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டையும் வைத்து ஓட்டியும் வண்டி முகம் சுளிக்கவில்லை. இதைவிடக் கடுமையான பரீட்சை எந்த வண்டிக்கும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

பாகூர் தாண்டியதும் வண்டி தன் குணத்தைக் காட்டியது. ஸ்பிரிங் பிரமாதம். பள்ளத்தில் இறங்கினாலும் முன்னால் இருக்கிறவனுக்குத் தெரியவே இல்லை. பின்னால் தெரிந்ததாம். ஹாரன் அடித்தால் எருமைகூட ஒதுங்குகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் வலுவான கையைக் கேட்கிறது, நம் கைக்கு அது ஒன்றுமில்லை. பக்கிரி மட்டும் பின்னால் நின்றுகொண்டு கூரையைத் தட்டித் தட்டி ஏதோ கத்திக்கொண்டே வந்தான். காற்றில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம்தான்.

வில்லியனூர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடை வாசலில் நின்றதை நான் நன்றாகவே பார்த்தேன். பட்டுக்கரை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், நெற்றி நிறையத் திருநீறு, என்ன ஒரு கம்பீரம்! நீங்கள் கை காட்டினீர்கள். பின்னால் இருந்தவர்களும் ஆசையாகக் கை காட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. பாரம் ஏற்றிய வண்டி ஒரு வேகம் பிடித்துவிட்டால் லேசில் விடாது மச்சான், அது அதனுடைய பலம், உரமூட்டை ஏற்றும்போது உங்களுக்கே புரியும். நீங்கள் தேரடி வரைக்கும் ஓடி வந்தீர்கள். உங்கள் வயதில் அப்படி ஓட இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "ஐயையோ, சேதுராமன் ஓடியாரான், நிறுத்துங்கடா!" என்று தையலம்மாள் அக்கா அலறியதாகவும், உங்கள் தங்கை அழுதுவிட்டதாகவும் அப்புறம் சொன்னார்கள். அடுத்த திருப்பத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். அங்கேயும் நிற்கவில்லை. ஆனால் ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன். நீங்கள் ஏறாவிட்டாலும் உங்கள் சீட்டு கடைசி வரை காலியாகவே வந்தது. அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழம்கூட வைக்கவில்லை.

மண்ணாடிப்பட்டில் வண்டி தானாகவே நின்றது. சம்பந்தி தங்கவேல் வீட்டு வைக்கோல் போரில் மெத்தென்று போய் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, ஒரு தேங்காய் உடையவில்லை. வைக்கோலை உதறிக்கொண்டு நாங்கள் இறங்க, சம்பந்தி வீட்டார் மேளத்தோடு வந்து "வாங்க, வாங்க" என்று வைக்கோல் போரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

தட்டு மாற்ற உட்கார்ந்ததும் தங்கவேல், "மாப்ளையோட தாய்மாமன் எங்க, காணோமே?" என்று கேட்டார். பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அது பொய் இல்லையே, நாங்கள் கடைசியாகப் பார்த்தபோது நீங்கள் பின்னால் வந்துகொண்டுதானே இருந்தீர்கள். ஒரு நல்ல நேரம் போனது. மத்தியானம் இன்னொன்றும் போனது. அப்புறம் அவர், "தாய்மாமன் கையால வராத தட்ட நாங்க வாங்கறது இல்லீங்க, எங்க வழக்கம் அது. அவுரு வராம இருக்கறதுக்கு வேற இன்னாவாச்சும் காரணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் மோசம். நாளைக் காலை ஒரு நல்ல நேரம் இருக்கிறதாம். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரை இவர்கள் காத்திருப்பார்களா? திண்டிவனம் பக்கத்திலிருந்து வேறொரு இடம் பெண் கேட்டு நடையாய் நடப்பதாகக் கூடத்திலேயே பேசிக்கொள்கிறார்கள். பெண் கதவோரத்திலிருந்து இளங்கோவனைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது மச்சான். அதற்காக நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுவேன்.

ஆகவே நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சாயங்கால டவுன் பஸ் கண்டக்டர் உங்கள் கடையில் சேர்ப்பார். நாளை விடியற்காலை அதே வண்டி உங்கள் வாசலுக்கு வரும், இந்தத் தடவை கட்டாயம் நிற்கும், அதற்கு நான் பொறுப்பு. ஜமக்காளத்தை உதறிப் போட்டு வைத்திருக்கிறேன். வரும்போது நீங்களே உட்கார்ந்து பார்த்துவிட்டால் வண்டியைப் பற்றி மிச்சம் மீதி இருக்கிற சந்தேகமும் தீர்ந்துவிடும். ஆளுக்கு ஆகும், மூட்டைக்கு ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும் என்று நீங்களே சொல்வீர்கள்.

உங்கள் வயலில் கரும்பு ஓங்கவும், கடையில் வியாபாரம் பெருகவும், மனதில் கோபம் தணியவும் உங்கள் ஊர்த் திருக்காமீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத,
தெய்வநாயகம்

பின்குறிப்பு: அண்ணே, இது நாகம்மா எழுதறேன். இவுரு பஸ்சு வருதான்னு பாக்க ரோட்டுக்குப் போயிருக்காரு. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. ஓட்டிகினு வந்தது பக்கிரி இல்ல, இவுருதான். டிராக்டர் ஓட்டுன கைக்கு இதெல்லாம் இன்னா பெரிசுன்னு அவன்கிட்டேர்ந்து சாவியப் புடுங்கிகினாரு. மத்தியானம் பக்கிரி ஓட்டிப் பாத்தான், சொன்ன எடத்துல நிக்குது. நீ தாராளமா வாங்கு, சாவிய மட்டும் இவுரு கண்ணுல காட்டிடாத. காலையில வண்டி வரும்னு இவுரு எழுதியிருக்காரே, அத நம்பிகினு வாசல்ல நிக்காத. மொத பஸ்சுல ஏறிடு. எளங்கோவன் காலையிலேர்ந்து பச்சத்தண்ணிகூட குடிக்கல. நீ ஓடியாந்தத பின்னால நின்னு பாத்துகினே வந்தேன். கோவமா இருந்தா கோவமாவே வாண்ணே. வந்து எல்லாரும் பாக்க இவுர நாலு கேள்வி கேளு. அப்புறமா தட்ட எடுத்துக் குடு.