தெரிந்ததை எழுதாத வீரமணி

விளக்கம் எழுதுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. தமக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நம்புகிறவர்கள். அவ்வளவு பெருந்தன்மை! நமக்குத்தான் தாங்காது.

2006இல் பெரம்பலூரில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியின் வீரமணி இந்த ரகம். அந்தக் கம்பெனி வழியாக எஸ்.எம்.எஸ். அனுப்ப விரும்புகிறவர்கள் தங்கள் புரோகிராமை எப்படி இணைப்பது என்று சொல்லும் ஏ.பி.ஐ. கையேட்டை எழுதியவர் அவர்தான். 'புதியவர்களுக்கு' என்று தலைப்பிட்டு, 'வழக்கம்போல் உள்ளே நுழைக' என்று தொடங்கி, 'தேவையானதை நிரப்புக' என்று வளர்த்து, 'மீதி எளிது' என்று முடித்திருந்தார். முதல் நாள் வருகிறவனுக்கு ஏது வழக்கம்?

"அதுகூடத் தெரியாதவன் இந்த வேலைக்கு ஏன் வரணும்?" என்பார்.

முதலாளி ஷஃபியுல்லா ஒரு விதி போட்டார். புரோகிராமும் கையேடும் இனி ஒரே இடத்தில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் கையேட்டை மட்டும் படித்து, செய்து பார்த்து, சரி என்றால்தான் இரண்டும் சேர்ந்து வெளியே போகும். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம். வாய் திறக்கக் கூடாது.

விதி வந்த பிறகு ஒரு நாள், வீரமணி ஆறு மாதம் உழைத்த புதிய புரோகிராம் மாலை நான்கு மணிக்குள் வெளியே போயாக வேண்டும். தவறினால், பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பக் காத்திருக்கும் அரியலூர்ப் பள்ளி ஒன்று வேறு கம்பெனிக்குப் போய்விடும். சோதிக்க உட்கார்ந்தவள் ஜெயசித்ரா. குன்னத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், சேர்ந்து மூன்றே நாள்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். வீரமணி பல்லைக் கடித்தார், நாற்காலியை நகர்த்தினார், மின்விசிறியை முறைத்தார். கடைசியில் இருமினார். அவள் கை தப்பான பக்கம் போகும்போதெல்லாம் இருமினார். சரியான பட்டனுக்கு வந்ததும் இருமல் நின்றது.

"சார், அந்த இருமலையும் கையேட்டுல எழுதிடுங்க. அரியலூர்க்காரங்களுக்குக் கேக்காதுல்ல?"

ஷஃபியுல்லா சிரிக்கவில்லை. "மணி மூணாச்சு. எழுதுங்க வீரமணி."

எழுதினார். பாஸ்வேர்டு யாரிடம் வாங்குவது, எந்தக் கட்டத்தில் எந்த எண், தப்பானால் திரையில் என்ன வரும், எல்லாம். "சின்னப் புள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு" என்று வரிக்கு வரி முனகினார். ஜெயசித்ரா மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய செல்போன் சிணுங்கியது. சோதனைச் செய்தி வந்துவிட்டது!

வீரமணி நிமிர்ந்தார். "பாத்தீங்களா, எவ்வளவு எளிது! நான் அப்பவே சொல்லல?"

சிரிக்கிறீர்களா? போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் வேப்பந்தட்டை பஸ் எங்கே நிற்கும் என்று உங்களைக் கேட்டார். "எப்பவும் நிக்கிற எடத்துலதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்.