பத்து மாமி மூட்டாத அடுப்பு

மலையாள தேசத்தில் இருக்கும் எங்கள் ஸ்ரீவராகத்தில் பத்து மாமிக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோவிலுக்குள் இருக்கும் பெருமாள், இன்னொருவர் காது கேட்காத அவள் கணவர். பெருமாளைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை.

சாதம் தொட்ட கையால் நெய்க் கிண்ணத்தைத் தொட்டால் 'பத்து' என்று கை அலம்பச் சொல்வது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. மாமிக்கு ரேடியோ கூடப் பத்து. அதில் சமையல் குறிப்பு வாசித்தால் துடைத்து வைப்பாள். பெயர்க் காரணம் தெரியாத மலையாளிகள் அவளைத் தேடிக்கொண்டு பத்தாம் நம்பர் வீட்டைத் தட்டுவார்கள். அது எங்கள் வீடு.

எழுபதுகளின் கடைசியில் தெருவுக்குப் பின்னால் ஓர் எரிசூளை வந்தது. பழைய காகிதம் என்ற பெயரில் கப்பலில் வந்த வெளிநாட்டுக் குப்பையை அங்கே எரித்தார்கள். கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் கரும்புள்ளி. என் ஒரு வயது மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. புகை வந்தால் அவள் நெஞ்சு விசிலடிக்கும். நானும் மனைவியும் அவளை மாறி மாறித் தூக்கிக்கொண்டு நிற்போம். தெரு ஆண்கள் கூடி மனு எழுதினோம். பிழை திருத்தி மறுபடி எழுதினோம். எல்லோரும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் இல்லையா?

மாமி நேரே சூளைக்கே போய்விட்டாள்.

"வெறும் பேப்பராக்கும் மாமி," என்றார் மலையாளி மானேஜர்.

"எந்த ஊர்க்காராளோ தின்னுட்டுப் போட்ட எச்சில்னா அது! எங்காத்துக் குழந்தைகள் எதுக்கு அதை மூச்சா இழுக்கணும்?"

மானேஜர் சிரித்தார். அது அவர் செய்த தப்பு.

தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. மாமி அந்த வழக்கத்தைக் கையில் எடுத்தாள். "அங்கே எரியறதும் பிணம்தான். அது அணையற வரைக்கும் இங்கே அடுப்பு கிடையாது. குழந்தைகளுக்கு மட்டும் பால் காய்ச்சிக்கோங்கோ."

பெண்கள் அத்தனை பேரும் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்தார்கள். மறுநாள் காலைக் காப்பி இல்லை என்றதும் ஆண்களுக்கு வீரம் வந்தது. மனுவை மறந்து சூளை வாசலில் உட்கார்ந்து லாரியை மறித்தோம். மாமி கூட எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. மானேஜர் சாப்பிடுவது எங்கள் தெரு மெஸ்ஸில். அங்கேயும் அடுப்பு இல்லை. வேறு ஓட்டல் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு நாள் வாழைப்பழத்தில் ஓட்டியவர், மூன்றாம் நாள் முதலாளிக்குப் போன் செய்து, "இவிடே ஜீவிக்கான் பற்றில்லா," இங்கே உயிர்வாழ முடியாது, என்றாராம். லாரிகள் வந்த வழியே திரும்பின. சூளை அணைந்தது.

கொஞ்ச நாள் கழித்து மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். குளித்துவிட்டால் யாரையும் தொடாதவள், ஈரத்தலையோடு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"சத்தமே இல்லைடி," என்றாள் என் மனைவியிடம். மாமி கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாமியை யார் கேலி செய்தாலும் எனக்குக் கோபம் வரும். இன்று நானே செய்திருக்கிறேன் என்றால், இன்னும் நாலு பேருக்காவது அவளைத் தெரிய வேண்டும் என்கிற ஆசைதான்.