ஞாயிற்றுக்கிழமை மின்சாரம்

அழுக்குத் துணிக் கூடையின் மேல் லேனா ஏறி உட்கார்ந்திருந்தாள். யாராவது உட்கார்ந்தால்தான் அதன் மூடி மூடும் என்ற நிலைமை.

"இப்பவாவது மிஷினைப் போடலாமா?"

அவள் புருஷன் கிரைன் கைபேசியைக் கையெட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். "வேண்டாம். கரண்டு விலை ஏறிக் கிடக்கு."

"இன்னைக்குத் திங்கக்கிழமை. ஊரே துவைக்கிற நாள்."

"அதனாலதான் ஏறிக் கிடக்கு."

கிரைன் கடலணையில் கருங்கல் பதிக்கிறவன். முழங்கால் தேய்ந்து முதுகு வளைந்த பிறகும் அதே வேலைதான். மின்சார ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது இரண்டு வகை சொன்னார்கள். ஒன்று, வருடம் முழுக்க ஒரே விலை. மற்றொன்று, மணிக்கு மணி மாறும் விலை. காற்றடித்தால் இறங்கும், ஓய்ந்தால் ஏறும்.

லேனா ஒரே விலை போதும் என்றாள். பக்கத்து வீட்டு இசாக் சபையில் மூப்பர். அவரும், "நிலையானதுதான் விசுவாசிக்கு அழகு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரைன் கேட்கவில்லை. "அணை மேல நின்னு காத்தைத் தின்னு வளர்ந்தவன் நான். அது எப்ப வரும் எப்ப போகும்னு எனக்குத் தெரியாதா?" என்று மாறும் விலைக்குக் கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து காற்றுக்கு அவன் மேல் என்ன கோபமோ, வேலை நாட்களில் ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. காற்றாலைகள் சோம்பேறி மாப்பிள்ளைகள் மாதிரி கை விரித்து நின்றன.

"உங்க காத்து எங்க போச்சு?" என்று லேனா தினமும் கேட்டாள்.

அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஆராதனை முடிந்து வீடு திரும்பியவன், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கைபேசியைப் பார்த்தான். ஞாயிறானதால் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. வெளியே நல்ல வெயில், நல்ல காற்று. மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது.

"லேனா, இப்ப துவைச்சா கரண்டுக்காரன் நமக்குக் காசு தருவான்."

"ஓய்வுநாள்ங்க."

அந்த ஊரில் ஓய்வுநாளென்றால் சைக்கிள்கூட அசையாது. புல் வெட்டினவனைப் பத்து வருடம் பேசுவார்கள். அதோடு, கிரைனின் பெயர் சபையில் உதவிக்காரர் பதவிக்கு வந்திருந்த சமயம் அது. வாழ்நாளெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன், கறுப்புக் கோட்டுப் போட்டுக் காணிக்கைப் பை ஏந்தி முன்னால் நடக்கப் போகிறான். கோட்டு தைத்தாகிவிட்டது. அலமாரியைத் திறந்து திறந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் போட்டுக்கொள்ளச் சுத்தமான சட்டை ஒன்றுகூட இல்லை.

"ஒரே ஒரு தடவை. திரையை இழுத்து விட்டுட்டா யாருக்குத் தெரியும்?" என்றான்.

திரையை இழுத்தார்கள். மிஷின் ஓடியது. கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மூப்பரின் மனைவி கொர்னேலியா ஒரு பாத்திரம் சூப்போடு நின்றாள். அந்த ஊரில் பகலில் திரை மூடினால் வீட்டில் சாவு என்று அர்த்தம். அது லேனாவுக்கும் தெரியும், கிரைனுக்கும் தெரியும். பதற்றத்தில் இரண்டு பேருக்கும் மறந்து போயிருந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் கொர்னேலியா.

"லேனாவுக்குத் தலைவலி. வெளிச்சம் ஆகல."

"உள்ள என்ன உருள்ற சத்தம்?"

"அவதான். வலியில முனகுறா."

கொர்னேலியா உள்ளே ஒரு முறை பார்த்தாள். சூப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். மாலை ஆராதனையில் போதகர் லேனாவுக்காக உருக்கமாக ஜெபித்தார். லேனா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

"எனக்கு நிஜமாவே தலை வலிக்குது. ஒரே விலைக்கு மாத்துங்க," என்றாள் திரும்பும் வழியில்.

"மாத்தினா மூப்பர் சிரிப்பாரு."

அடுத்த ஞாயிறு திரை திறந்தே இருந்தது. சத்தத்துக்கு வேறு வழி கண்டுபிடித்திருந்தான் கிரைன். லேனாவின் அம்மா விட்டுப்போன மிதி ஆர்கன் ஒன்று, பூந்தொட்டிகளைச் சுமந்துகொண்டு மூலையில் கிடந்தது.

"தெருவுல எல்லா வீட்டுலயும் மத்தியானம் ஆர்கன் கேக்குது. நம்ம வீடுதான் மொட்டையா இருக்கு. நீ வாசி."

அது உண்மை. போன வசந்தத்திலிருந்து அந்தத் தெருவில் ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வீடு ஒரே பாட்டு: பைபிளின் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம். வேதத்திலேயே நீளமான சங்கீதத்தை ஒரு தெருவே விடாமல் பாடுகிறது, இதுவல்லவா ஆவிக்குரிய எழுப்புதல் என்று போதகர் பிரசங்கத்தில் நெகிழ்ந்து போனார். கிரைன் அப்போது தலை குனிந்துகொண்டான். இத்தனை பரிசுத்தவான்களுக்கு நடுவில் ஒரு பாவி.

லேனாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது நூற்றுப்பதினேழு மட்டும்தான். அதில் இரண்டே வசனம். மிஷின் துணியை அலசுவதற்குள் பாட்டு முடிந்தது. திரும்ப வாசித்தாள். பிழியத் தொடங்கியதும் அந்தக் கிழட்டு மிஷின் தடதடவென்று சமையலறையை விட்டு நடந்து வந்தது. கிரைன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சத்தமா, சத்தமா" என்றான்.

"கால் கழண்டு போகுது. வேணும்னா நீங்க வந்து மிதிங்க, நான் அதைக் கட்டிப் பிடிச்சுக்குறேன்."

துவைத்ததைக் கொடியில் போட முடியாது, ஊர் பார்க்கும். கூரைக்கடியில் இருந்த அறையில் தொங்கவிட்டார்கள். ஓடித் தப்பிக்கப் பார்க்கும் மிஷின் ஒழுங்காகப் பிழியுமா? எல்லாம் சொட்டச் சொட்டக் கிடந்தன.

மூன்றாம் ஞாயிறு, துணியை மேலே ஏற்றி லேனா ஆர்கனை மூடிய நேரம், மூப்பர் இசாக் மனைவியோடு வந்தார்.

"உட்காருங்க மூப்பரே," என்றான் கிரைன்.

காபியும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் வந்தன. மூப்பர் தொண்டையைச் செருமினார். "அடுத்த வாரம் உன்னை உதவிக்காரரா நிறுத்துறோம். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும். இந்த வீட்டுல எல்லாம் ஒழுங்கா இருக்கா?"

தலைக்கு மேலே மச்சுப் பலகையில் ஒரு ஈரத் திட்டு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. கிரைன் அதைப் பார்த்தான். லேனா பார்த்தாள். ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, மூப்பரின் காபிக்குள் விழுந்தது.

மூப்பர் கோப்பையைப் பார்த்தார். அடுத்த சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது.

"கூரை ஒழுகுதோ?"

"வெளிய வெயில் அடிக்குது மூப்பரே," என்றாள் லேனா. பொய் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள்.

கிரைன் எழுந்து நின்றான். கறுப்புக் கோட்டு அவன் கண்ணுக்குள் ஒரு முறை வந்து போனது. "அது என் சட்டை. ஓய்வுநாள்ல துவைச்சது. மூணு வாரமா துவைக்கிறோம். விலை இறங்குதுன்னு ஆசைப்பட்டேன். ஆர்கன் வாசிச்சதும் தேவனுக்கு இல்ல, மிஷினுக்கு. என் பேரை எடுத்துடுங்க."

மூப்பர் கைக்குட்டையை எடுத்து வழுக்கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கொர்னேலியாதான் பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டு, லேனாவின் பக்கம் சாய்ந்தாள்.

"நூத்துப்பதினேழு பத்தாதும்மா, பாதியில மாட்டிக்குவ. நூத்துப்பத்தொன்பது எடு, பிழிஞ்சு முடியுற வரைக்கும் வரும். தெருவுல நாங்க எல்லாரும் அதைத்தான் எடுக்குறோம்."